போஸ்ட் எங்கே இருக்கிறது? மாஸ்டர்கேமும் ஃபியூஷனும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பட்டறையில்

காப்பாரிலும் மேருவிலும் பூச்சோங்கிலும் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு வரும் வேலை ஏறத்தாழ ஒரே வகைதான். எண்ணெய்ப்பனை ஆலைக்கு ஒரு பேரிங் உறை, கையுறைத் தொழிற்சாலையின் சங்கிலித்தடத்துக்குச் சில பிராக்கெட்டுகள், பொட்டல இயந்திரத்துக்கு ஓர் அலுமினியத் தகடு. எண்ணிக்கை குறைவு, அவசரம் அதிகம். இத்தகைய பட்டறைகளில் இப்போது வெட்டுப்பாதை போடும் இரண்டு கேம் மென்பொருள்கள் அருகருகே ஓடுவது சாதாரணக் காட்சியாகிவிட்டது. பல ஆண்டுப் பழக்கமுள்ள மூத்தவர் மாஸ்டர்கேமில் வேலை செய்வார். படிப்பை முடித்துவிட்டு வந்த தம்பியின் மடிக்கணினியில் ஃபியூஷன் இருக்கும். இருவரும் போடும் வெட்டுப்பாதைகள் கடைசியில் போய்ச் சேருவது ஒரே மில்லிங் மெஷினின் ஃபானுக் கன்ட்ரோலருக்கு.

அங்கேதான் சிக்கல் வருகிறது. அண்ணன் அனுப்பிய நிரல் முடிந்ததும் மேசை முன்னால் வந்து நிற்கிறது. தம்பி அனுப்பியது முடிந்ததும் மேசை இடப்பக்க மூலைக்குப் போய்விடுகிறது. ஒன்றில் அடுத்த டூல் முன்கூட்டியே தயாராகிறது, மற்றொன்றில் இல்லை. ஓபரேட்டர் இருவரின் நிரலையும் இரண்டு விதமாக நம்பப் பழகிக்கொள்கிறார். ஒரே இயந்திரத்தை இரண்டு விதமாக நம்புவது ஆபத்தான பழக்கம். வெட்டுப்பாதையில் குறை ஏதும் இல்லை. குறை இருப்பது அந்தப் பாதையை ஜி-கோடாக மாற்றும் போஸ்ட் புராசஸர் கோப்பில். பட்டறையில் அதைச் சுருக்கமாகப் போஸ்ட் என்பார்கள்.

இந்த இரண்டு மென்பொருள்களின் போஸ்ட் கோப்புகளை நான் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எது சிறந்த மென்பொருள் என்ற வழக்குக்குள் போகவில்லை. கோப்பு கணினியின் எந்த மூலையில் கிடக்கிறது, அதை எந்த மொழியில் திருத்த வேண்டும், திருத்தியது யாருக்குச் சொந்தமாக நிற்கிறது ஆகிய மூன்றுமே என் கேள்விகள். மூன்றில் முதலாவதை எல்லாரும் அற்பமென்று நினைக்கிறார்கள். எனக்கோ மற்ற இரண்டுக்கும் விடை அதில்தான் இருப்பதாகப் படுகிறது.

போஸ்ட் ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயல்விளக்கம் பெற்றது. டக்ளஸ் ராஸ் தலைமையில் அங்கே உருவான ஏபிடி மொழி 1959-இல் வெளிவந்தது. இயந்திரம் எதுவென்று பாராமல் வெட்டுக்கருவியின் பாதையைக் கணக்கிடுவது முதல் வேலை. அந்தக் கணக்கைக் குறிப்பிட்ட ஓர் இயந்திரம் ஏற்கும் கட்டளையாக்குவது இரண்டாவது வேலை என்று அப்போதே பிரித்துவிட்டார்கள். பிற்பாடு ஆர்எஸ்-274-டி, ஐஎஸ்ஓ 6983 என்று தரநிலைகள் வந்தன. ஆனாலும் ஃபானுக், ஹாஸ், சீமென்ஸ், ஹைடன்ஹைன் ஒவ்வொருவரும் தங்கள் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போனதால் இரண்டாவது வேலை ஒழியவே இல்லை. ஃபானுக் என்ற ஒரே பெயருக்குள்ளேயே பழைய 0எம் கன்ட்ரோலரும் இன்றைய 0ஐ வரிசையும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் பழைய இயந்திரங்களை வாங்கி ஓட்டும் நம் பட்டறைகளுக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை, அன்றாடத் தொல்லை.

இனி இருப்பிடம்.

மாஸ்டர்கேமை உருவாக்கிய சிஎன்சி சாஃப்ட்வேர் நிறுவனம் 1983-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2021-இல் சுவீடனின் சாண்ட்விக் அதை வாங்கிக்கொண்டது. மேசைக் கணினிக் காலத்துப் பிள்ளை என்பதால் அதன் கோப்பு ஒழுங்கும் அந்தக் காலத்தைச் சேர்ந்தது. சி டிரைவுக்குள் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாக்குமென்ட்ஸ். அங்கே ‘ஷேர்ட்’ என்று தொடங்கி மென்பொருளின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் தாங்கிய ஒரு கோப்புறை இருக்கும். அதனுள்ளே மில், அதனுள்ளே போஸ்ட்ஸ். கோப்பின் பின்னொட்டு பிஎஸ்டி. தேடி அலைய விரும்பாதவர்கள் மென்பொருளுக்குள்ளேயே மெஷின் குரூப்பின் பண்புகளைத் திறந்து, ஃபைல்ஸ் என்ற பக்கத்தைப் பார்த்தால் போதும். எந்த மெஷின் வரையறை, எந்த கன்ட்ரோல் வரையறை, எந்த போஸ்ட் பயன்படுகிறது என்று முழு முகவரியோடு எழுதியிருக்கும். நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன். கோப்புறையில் இருக்கும் போஸ்ட் ஒன்றாகவும் மென்பொருள் பயன்படுத்தும் போஸ்ட் வேறாகவும் இருக்கும் நிலை அடிக்கடி நேர்கிறது. மணிக்கணக்காகத் தவறான கோப்பைத் திருத்திவிட்டு ‘மாற்றமே வரலியே’ என்று விழிப்பவர்களை ஷா ஆலமிலும் பாலாக்கோங்கிலும் பார்க்கலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. பிஎஸ்டி என்ற இதே பின்னொட்டை அவுட்லுக் தன் அஞ்சல் சேமிப்புக்கும் வைத்திருக்கிறது. கோப்பை இரட்டைச் சொடுக்கு போட்டால் அவுட்லுக் எழுந்து நிற்கும். வலச் சொடுக்கில் நோட்பேடையோ மாஸ்டர்கேமோடு வரும் தொகுப்பியையோ தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும்.

ஃபியூஷனின் பிறப்பு வேறு வழி. டென்மார்க்கின் எச்எஸ்எம்வொர்க்ஸ் நிறுவனத்தை ஆட்டோடெஸ்க் 2012-இல் வாங்கியது. அந்த நிறுவனத்தின் கேம் பொறியும் போஸ்ட் பொறியும்தான் பின்னர் ஃபியூஷனுக்குள் வந்தன. இது இணையத்தை நம்பி எழுந்த மென்பொருள் என்பதால், போஸ்ட் எங்கே என்று கேட்டால் ஒற்றை விடை கிடைக்காது. மென்பொருளோடு வரும் பொதுப் போஸ்ட்கள் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள், லோக்கல் பிரிவில், வெப்டிப்ளாய் என்ற இடத்தில், எழுத்தும் எண்ணும் கலந்த மிக நீளமான பெயருள்ள ஒரு கோப்புறையின் ஆழத்தில் கிடக்கின்றன. அந்த நீளப் பெயர் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் மாறிவிடும். அங்கே போய்த் திருத்தியவர் அடுத்த புதுப்பிப்போடு தன் திருத்தத்தை இழப்பார். ஃபியூஷனைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்: தொடக்கக்காரர் முதலில் கண்டுபிடிக்கும் இடமே தொடக்கூடாத இடமாக இருக்கிறது.

தொட வேண்டிய இடம் ஆப்டேட்டாவின் ரோமிங் பிரிவில், ஆட்டோடெஸ்க் கோப்புறைக்குள், ஃபியூஷன் 360 கேம் என்ற பெயரின் கீழ் உள்ள போஸ்ட்ஸ். விண்டோஸ் ஆப்டேட்டாவை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. ரன் பெட்டியில் அந்தச் சொல்லை இருபுறமும் சதவீதக் குறியிட்டுத் தட்டினால் நேரே ரோமிங்கில் போய் இறங்கலாம். இதைவிட நல்ல வழி, தயாரிப்புப் பணிமனையின் மேலாண்மைப் பிரிவில் உள்ள போஸ்ட் லைப்ரரியைத் திறப்பது. ஃபியூஷனின் பொதுத் தொகுப்பில் தேவையான போஸ்டைத் தேடி, லோக்கல் பகுதிக்கோ கிளவுட் பகுதிக்கோ நகலெடுத்து, அந்த நகலை மட்டும் திருத்த வேண்டும். கிளவுடில் வைத்தால் அது குழுவின் அசெட்ஸ் திட்டத்துக்குள் கேம்போஸ்ட்ஸ் என்ற கோப்புறையில் போய் உட்காரும். குழுவில் உள்ள எவரும் எந்தக் கணினியிலிருந்தும் எடுக்கலாம். கோப்பின் பின்னொட்டு சிபிஎஸ்.

இரண்டையும் இப்போது சேர்த்துப் பாருங்கள். மாஸ்டர்கேமின் போஸ்ட் பப்ளிக் கோப்புறையில், அதாவது அந்தக் கணினியில் நுழையும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. பகல் ஷிப்டில் ஒருவர் தன் பெயரில் நுழைந்து திருத்தியதை இரவு ஷிப்டில் வேறு பெயரில் நுழைந்தவரும் பெறுவார். ஃபியூஷனின் உள்ளூர்ப் போஸ்டோ ஒருவரின் விண்டோஸ் கணக்கோடு கட்டுண்டது. அதே கணினியில் வேறொருவர் நுழைந்தால் அது கண்ணுக்கே தெரியாது. கிளவுடில் வைத்தால் நிலைமை தலைகீழ்: கணினி எரிந்து போனாலும் போஸ்ட் பிழைக்கும். முதலாவது பட்டறையின் இரும்புப் பெட்டிக்குச் சொந்தம். இரண்டாவது ஓர் ஆளுக்கோ ஒரு கணக்குக்கோ சொந்தம். வேலையாட்கள் அடிக்கடி மாறும் பட்டறைக்கு இந்த வேறுபாடு சம்பளப் பட்டியல் அளவுக்கு முக்கியமானது. சொந்த மின்னஞ்சலில் ஃபியூஷன் கணக்கு திறந்து ஆறு மாதம் போஸ்டைச் செதுக்கிய இளைஞர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்த ஆறு மாதமும் அவரோடு போய்விடும். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே முடிவு செய்வதற்குச் செலவு ஒன்றுமில்லை.

திருத்தும் வேலைக்கு வருவோம். மேசை எங்கே போய் நிற்கிறது என்று மேலே சொன்ன சிக்கலையே எடுத்துக்கொள்கிறேன். நிரல் முடிந்ததும் இசட் மேலே போன பிறகு, எக்ஸும் ஒய்யும் இரண்டுமே இயந்திரப் பூச்சியத்துக்குப் போகும்படி பல பொதுப் போஸ்ட்கள் எழுதுகின்றன. ஜி28 கட்டளையோடு எக்ஸ்0., ஒய்0. இரண்டும் வரும். ஓபரேட்டருக்கு வேண்டியது ஒய் மட்டும்: மேசை தன் பக்கம் வந்தால் போதும், வைஸிலிருந்து பொருளைக் கழற்றலாம். எக்ஸ் ஏன் ஓரத்துக்கு ஓட வேண்டும்?

ஃபியூஷனின் ஃபானுக் போஸ்டில் ‘ஆன்குளோஸ்’ என்ற பகுதியைத் தேட வேண்டும். நிரல் முடியும்போது நடப்பதெல்லாம் அதற்குள். பல பதிப்புகளில் அங்கே ‘ரைட்ரிட்ராக்ட்’ என்ற ஒரு வரி, அடைப்புக்குள் எக்ஸ், ஒய் என்று இரண்டு எழுத்து. எக்ஸை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மொழி ஜாவாஸ்கிரிப்ட் என்பதால், பள்ளியில் கொஞ்சம் வலைப்பக்கம் செய்த பையனுக்குக்கூடப் புரியும். பகுதிகளின் பெயர்களே வழிகாட்டும்: ஆன்ஓப்பன் நிரலின் தலை, ஆன்செக்ஷன் ஒவ்வொரு வேலையின் தொடக்கம், ஆன்லீனியர் நேர்வெட்டு, ஆன்சர்க்குலர் வளைவு, ஆன்சைக்கிள்பாயின்ட் துளையிடும் ஒவ்வொரு புள்ளி. இயந்திரத்தைத் தெரிந்தவர் இந்தப் பெயர்களைப் பார்த்தாலே எங்கே நுழைவது என்று ஊகித்துவிடுவார்.

மாஸ்டர்கேமில் அதே மாற்றம் வேறு அனுபவம். அதன் மொழிக்கு எம்பி என்று பெயர். அந்த நிறுவனம் தானே உருவாக்கியது, வேறெங்கும் வழக்கில் இல்லை. பிஎஸ்ஓஎஃப்$ நிரலின் தொடக்கம், பிடிஎல்சிஎச்ஜி$ டூல் மாற்றம், பிஇஓஎஃப்$ முடிவு. பின்வாங்கும் வரிகள் பிரிட்ராக்ட் என்ற தனிப் பகுதியில் இருக்கும். அதை டூல் மாற்றமும் கூப்பிடும், நிரல் முடிவும் கூப்பிடும். அந்தப் பகுதியின் நடுவில் ‘அடுத்த செயல் 1003 என்றால்’ என்று ஒரு நிபந்தனை நிற்கும். 1003 என்பது நிரல் முடிவைக் குறிக்கும் எண் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். தெரிந்த பிறகு அதற்குக் கீழே உள்ள வரியில் ‘எக்ஸ்0.’ என்ற மேற்கோள் துண்டை நீக்குவது ஒரு நிமிட வேலை.

ஆனால் எம்பியை ஏளனமாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஒரு வரியில் என்னென்ன வர வேண்டுமோ அதை வரிசையாகக் காற்புள்ளியிட்டு எழுதிவிடலாம்: வரிசை எண், ஜி-கோடு, எக்ஸ், ஒய், ஸ்பிண்டில் வேகம், கடைசியில் வரி முடிவு. பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் மதிப்பு மாறாவிட்டாலும் கட்டாயம் அச்சாகும். ஆச்சரியக் குறி போட்டால் அச்சாகாமல் உள்ளே மட்டும் புதுப்பித்துக்கொள்ளும். மாறாத மதிப்பைத் திரும்ப எழுதாமல் விடுவது ஜி-கோடின் இயல்பு. அந்த இயல்பை ஒற்றைக் குறியில் அடக்கியிருப்பது அழகான வேலை. ஃபியூஷனில் அதற்குத் தனி மாறிகளை உருவாக்கி, தேவைப்படும் இடத்தில் ‘மறந்துவிடு, மறுபடி எழுது’ என்ற பொருளில் ஒரு செயற்கூற்றை அழைக்க வேண்டும். படிக்க எளிது ஃபியூஷன். பழகியவருக்குச் சுருக்கம் மாஸ்டர்கேம். நாற்பது வயதில் புதிதாகத் தொடங்கும் மெஷினிஸ்டுக்கு நான் ஃபியூஷனைத்தான் கையில் கொடுப்பேன்.

தசமப் புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதில் ஏற்படும் தவறு டூலை உடைக்கும். மெட்ரிக் முறையில் ஓடும் ஃபானுக் கன்ட்ரோலரில் எக்ஸ்10. என்றால் பத்து மில்லிமீட்டர். புள்ளியை விட்டு எக்ஸ்10 என்று எழுதினால், பல இயந்திரங்களில் அது பத்து மைக்ரான், அதாவது 0.010 மில்லிமீட்டர். 16ஐ, 18ஐ, 0ஐ வரிசைகளில் 3401-ஆம் அளவுருவின் முதல் பிட்தான் இதை முடிவு செய்கிறது. அது முந்தைய உரிமையாளர் வைத்த நிலையிலேயே கிள்ளானுக்கு வந்து இறங்கியிருக்கலாம். அதனால் போஸ்ட் எப்போதும் புள்ளியோடு எழுதட்டும். ஃபியூஷனில் எண் வடிவத்தை உருவாக்கும் வரிகள் கோப்பின் மேற்பகுதியில் இருக்கும். பல போஸ்ட்களில் ஃபோர்ஸ்டெசிமல் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். மாஸ்டர்கேமில் எஃப்எஸ்2 என்று தொடங்கும் வடிவ வரிகளில் தேட வேண்டும். அங்கே வடிவ எண்ணை அடுத்து இரண்டு எண்கள் நிற்கும்: முதலாவது அங்குலத்துக்கு, இரண்டாவது மில்லிமீட்டருக்கு. மலேசியாவில் நாம் தொட வேண்டியது இரண்டாவதை. முதலாவதை மாற்றிவிட்டுக் காத்திருப்பது வீண்.

வரிசை எண்ணும் நம் பட்டறைகளில் சின்ன விஷயம் இல்லை. பழைய ஃபானுக் கன்ட்ரோலர்களின் நினைவகத்தை இன்னமும் காகித நாடாவின் நீளத்தில் சொல்கிறார்கள். அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்பதால் ஒரு மீட்டருக்குச் சுமார் 394 எழுத்து. 40 மீட்டர் என்றால் 16 கிலோபைட்டைக்கூடத் தொடாது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் என்100, என்102 என்று போட்டால் இடத்தில் கணிசமான பங்கை எண்களே தின்றுவிடும். டூல் மாறும் இடத்தில் மட்டும் எண் போட்டால் ஓபரேட்டருக்குத் தேடவும் வசதி, நினைவகமும் மிச்சம்.

இந்த வரிசை எண்ணைத் திருத்தப் போகும்போதுதான் இரண்டு மென்பொருள்களிலும் உள்ள ஒரு பொறி தெரியவரும். மாஸ்டர்கேம் போஸ்டில் வரிசை எண்ணை விடுவதற்கும், அடுத்த டூலை முன்கூட்டி அழைப்பதற்கும் மாறிகள் இருக்கும். பூச்சியத்தை ஒன்றாக மாற்றுவோம். ஒன்றும் நடக்காது. அந்த வரியின் ஓரத்தில் கன்ட்ரோல் வரையறையால் நிர்ணயிக்கப்படுவது என்று ஒரு சிறு குறிப்பு இருக்கும். போஸ்டில் உள்ள எண்ணை கன்ட்ரோல் வரையறை மேலெழுதிவிடுகிறது. ஆகவே மாற்ற வேண்டிய இடம் சிஎன்சி மெஷின்ஸ் கோப்புறையில் உள்ள வரையறைக் கோப்பு. அதை மாற்றினாலும் பழைய வேலைக் கோப்புகளில் மாற்றம் தெரியாது. ஒவ்வொரு வேலைக் கோப்பும் வரையறையின் நகலைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஃபைல்ஸ் பக்கத்தில் ரீப்ளேஸ் கொடுத்தால்தான் புதியது உள்ளே வரும். போஸ்ட், கன்ட்ரோல் வரையறை, மெஷின் வரையறை என்று மூன்றும் சேர்ந்ததுதான் மாஸ்டர்கேமின் போஸ்ட் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும். நகலெடுத்துப் பாதுகாக்கும்போதும் மூன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஃபியூஷனில் அதே வகைப் பொறி வேறு உடையில் இருக்கிறது. போஸ்டின் பண்புகள் என்சி புரோகிராம் உரையாடலில் பட்டியலாகத் தெரியும். வரிசை எண் வேண்டுமா, அடுத்த டூலை அழைக்க வேண்டுமா, ஜி28-ஆ ஜி53-ஆ என்று அங்கேயே தேர்ந்துகொள்ளலாம், கோப்பைத் தொடவே வேண்டாம். ஆனால் ஏற்கெனவே சேமித்த என்சி புரோகிராம் தன் பழைய தேர்வுகளை நினைவில் வைத்திருக்கும். கோப்பில் இயல்பு மதிப்பை மாற்றிவிட்டு அதே புரோகிராமை ஓட்டினால் பழைய மதிப்புதான் வரும். இரண்டிலும் பாடம் ஒன்றே: கோப்பைத் திறக்கும் முன், அந்த மதிப்பை வேறு யார் ஆள்கிறார் என்று பார்க்க வேண்டும். அடுத்த டூலை முன்கூட்டி அழைப்பதில் இன்னொன்றும் உண்டு. இரட்டைக் கை டூல் மாற்றி உள்ள இயந்திரத்தில் அது நேரத்தை மிச்சப்படுத்தும். குடை வடிவ மாற்றியில் எந்தப் பயனும் இல்லை. ஒரே பட்டறையில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டு போஸ்ட் வைத்துக்கொள்வதே நல்லது.

பொறி உரிமத்திலும் உண்டு. ஃபியூஷனின் தனிப்பட்ட பயன்பாட்டு உரிமத்தில் 2020 அக்டோபர் முதல் சில கட்டுப்பாடுகள் வந்தன. விரைவு நகர்வுகள் ஜி0-க்குப் பதில் வெட்டுவேகக் கட்டளையாக வரும். ஒரே நிரலில் தானியங்கி டூல் மாற்றம் வராது. இதைப் பார்த்துப் போஸ்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் கோப்பைத் தோண்டுபவர்கள் உண்டு. கோப்பில் தேட வேண்டிய பிழை எதுவும் அங்கே இல்லை. கூலிக்கு வேலை செய்யும் பட்டறை அந்த உரிமத்தில் இயங்கவும் கூடாது.

பிழை தேடும் வசதியில் ஃபியூஷன் முன்னால் நிற்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் துணைக்கருவியில், வெளிவந்த ஜி-கோடின் ஒரு வரியைச் சொடுக்கினால் அதை எழுதிய போஸ்ட் வரிக்கே அழைத்துப் போகும். டம்ப் என்ற ஒரு போஸ்ட் வேறு தருகிறார்கள். அது ஜி-கோடு எழுதாது, மென்பொருள் போஸ்டுக்கு அனுப்பும் எல்லாத் தகவலையும் அப்படியே கொட்டும். மாஸ்டர்கேமிலும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதை உண்டாக்கிய பகுதியின் பெயரை அச்சிட வைக்கும் மாறிகள் உண்டு. தேவை முடிந்ததும் அவற்றை மறக்காமல் அணைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஃபியூஷனின் வழி கற்றுக்கொள்பவரைத் தன்னந்தனியாக முன்னேற விடுகிறது. ஷா ஆலம் பாலிடெக்னிக்கிலோ காஜாங்கில் உள்ள ஜெர்மன்-மலேசியக் கழகத்திலோ படித்து வெளிவரும் பிள்ளைகளிடம் இந்தக் கருவியைக் காட்டினால் ஒரு வாரத்தில் தாங்களாகவே திருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

குறிப்பு வரிகளைப் பற்றி ஓர் இடைச்செருகல். நம் பட்டறைகளில் ஓபரேட்டர் நேப்பாளத்தவராகவோ வங்காளதேசத்தவராகவோ மலாய்க்காரராகவோ தமிழராகவோ இருப்பார். அதனால் டூல் பட்டியலும் எச்சரிக்கையும் எளிய மலாயிலோ ஆங்கிலத்திலோ நிரலின் தலையில் வர வேண்டும். ஃபியூஷன் போஸ்ட்களில் குறிப்புகளில் அனுமதிக்கப்படும் எழுத்துகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது: பெரிய எழுத்து லத்தீன், எண்கள், சில நிறுத்தக்குறிகள். பட்டியலில் இல்லாத எழுத்து சத்தமின்றி நீங்கிவிடும். வேலைப் பெயரைத் தமிழில் வைத்தால் கன்ட்ரோலர் திரையில் வெறும் அடைப்புக்குறிதான் மிஞ்சும். இது கன்ட்ரோலரின் எல்லையை மதித்துச் செய்த ஏற்பாடு. பட்டியலை நீட்டினாலும் ஃபானுக் திரை தமிழைக் காட்டாது.

உரிமை பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில்தான் என் மனம் முழுவதும் ஒரு பக்கம் சாய்கிறது.

ஃபியூஷனின் பொதுப் போஸ்ட்கள் திறந்தே இருக்கின்றன. யாரும் படிக்கலாம், தன் இயந்திரத்துக்கு மாற்றலாம். மாஸ்டர்கேமோடு வரும் பொது ஃபானுக் போஸ்டும் திறந்ததுதான். ஆனால் விலை கொடுத்து வாங்கும் சிறப்புப் போஸ்ட்கள் பல இரண்டு துண்டாக வரும்: படிக்கக்கூடிய பிஎஸ்டி ஒன்று, பூட்டிய பிஎஸ்பி ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பெயர் மாற்றினாலோ ஒன்றை மட்டும் நகலெடுத்தாலோ எதுவும் ஓடாது. ஐந்து அச்சு இயந்திரத்துக்கான கணக்கை எழுதியவர் தன் உழைப்பைப் பூட்டி வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அது நியாயமான வாணிபம். மூன்று அச்சு இயந்திரத்தில் மேசையை முன்னால் நிறுத்தும் வரியும் அந்தப் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் முகவருக்குப் பணம் கட்டிக் காத்திருக்கும் நிலைதான் பட்டறையை முடமாக்குகிறது. வாங்கும்போதே கேட்டு எழுத்தில் பெற வேண்டியது ஒன்றுண்டு: நிரலின் தலை, டூல் மாற்றம், முடிவு ஆகிய மூன்று பகுதிகளும் திறந்த கோப்பில் இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் தமிழர்கள் இரும்பு வேலைக்குப் புதியவர்கள் அல்லர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் இருந்தன; செந்தூலில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ரயில்வே மையப் பட்டறையில் ஃபிட்டராகவும் டர்னராகவும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அன்று ஒரு லேத்தின் குணம் அதை ஓட்டியவரின் கையில் இருந்தது. அவர் பக்கத்தில் நின்ற தம்பிக்கு அது போய்ச் சேர்ந்தது. இன்று ஒரு மெஷினின் குணத்தில் பெரும்பகுதி போஸ்ட் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது: எந்த எம்-கோடில் குளிர்நீர் திறக்கும், எந்த உயரத்துக்குப் பின்வாங்கினால் பழைய கிளாம்பில் இடிக்காது, ரிஜிட் டாப்பிங்குக்கு முன்னால் எம்29 வேண்டுமா. அதைத் திறந்து படிக்க முடியாத பட்டறை, தன் இயந்திரத்தைப் பற்றித் தானே அறிந்ததைத் தன்னிடமிருந்தே ஒளித்து வைக்கிறது.

புதுப்பிப்பிலும் இரண்டின் வழி வேறு. மாஸ்டர்கேமின் புதிய பதிப்பு தனக்கென்று புதிய ஷேர்ட் கோப்புறையை உண்டாக்கும். பழைய போஸ்ட்கள் பழைய கோப்புறையிலேயே தங்கும். மைக்ரேஷன் கருவியைக் கொண்டு அவற்றைப் புதிய பதிப்புக்கு உயர்த்த வேண்டும். கோப்பின் முதல் வரியில் பதிப்பு எண் இருக்கும். அதை நகர்த்தாதே, மாற்றாதே என்று அங்கேயே எழுதியிருக்கிறது. கையால் எண்ணை மாற்றி ஏமாற்ற நினைப்பது வீண். ஃபியூஷன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் நகல் அப்படியே நிற்கும், ஆனால் பொதுத் தொகுப்பில் வரும் பிழைத்திருத்தங்கள் உங்கள் நகலுக்கு வராது. அதனால் ஃபியூஷன் போஸ்டைத் திருத்தும்போது அதன் விளக்க வரியில் பட்டறையின் சொந்தப் பெயரைச் சேர்த்து, மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் தேதியும் முதலெழுத்தும் போட்டு ஒரு குறிப்பு விடுவது அவசியம். இரண்டு ஆண்டு கழித்துப் புதிய பொதுப் போஸ்டோடு ஒப்பிட்டு மாற்றங்களைப் பெயர்த்து வைக்க வேண்டியவருக்கு அந்தக் குறிப்புகள்தான் துணை.

எதைத் திருத்தினாலும் முதலில் மூலக் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வைக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். சோதனைக்கென்று ஒரே ஒரு தகட்டை வைத்துக்கொள்ளலாம்: ஒரு முகவெட்டு, ஒரு பாக்கெட், நான்கு துளை, ஒரு மரை. அதே தகட்டை மாஸ்டர்கேமிலும் ஃபியூஷனிலும் நிரலாக்கி, இரண்டு ஜி-கோடு கோப்புகளையும் வேறுபாடு காட்டும் மென்பொருளில் பக்கத்துக்குப் பக்கம் திறக்க வேண்டும். வெட்டுப்பாதை எண்கள் வேறுபடும், அது இயல்பு. தலைவரிகள், டூல் மாற்றும் வரிகள், துளைச் சுழற்சியின் தொடக்கம், கடைசி வரிகள் ஆகிய நான்கு இடமும் ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். பிறகு ஜி54-இன் இசட்டை ஐம்பது மில்லிமீட்டர் உயர்த்தி, ஒவ்வொரு வரியாக, விரைவு நகர்வைக் குறைத்து வைத்து, காற்றில் ஓட்ட வேண்டும். ஓபரேட்டரின் கை ஃபீட் ஹோல்டின் மேல் இருக்கட்டும். ஒய் முன்னால் வந்து, எக்ஸ் இருந்த இடத்திலேயே நின்றால், ஐம்பது மில்லிமீட்டரைக் கழித்துவிட்டு அலுமினியத்தை வைஸில் இறுக்கலாம்.